பெட்டி அவர்களுடையது, சாவி யாருடையது?

சென்ற மழைக்காலத்தில் பட்டான்செருவில் ஓர் இரவு பலத்த இடி. மின்சாரம் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் வீட்டில் அன்றைய தினம் இன்டர்நெட் பெட்டி கெட்டுப்போயிற்று. 'ரூட்டர்' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தார். இரண்டாம் நாள் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டான். புதிய பெட்டியை மாட்டினான். "ஆபீஸிலிருந்து ஆன் பண்ணிவிடுவார்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆபீஸில் யாரும் ஆன் பண்ணவில்லை. மறுபடி போன் செய்தால், "பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள்" என்றார்கள். பதிவு செய்த எண் வீட்டுச் சொந்தக்காரருடையது. அவரோ வளைகுடாவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் உதவிக்கு வந்து, பெட்டியின் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்திப் பார்த்தார். வந்த பையன் பாதி எழுதி வைத்திருந்த விவரமும் அதோடு அழிந்தது.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. வங்கித் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த மகள் இரண்டு மாதிரித் தேர்வுகளைத் தவறவிட்டாள். செல்போனில் தினமும் கிடைக்கும் டேட்டா ஒரு பாடம் கேட்பதற்குள் தீர்ந்துவிடும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் தம் போனை வீட்டில் விட்டுச் செல்லவும் முடியாது. மாதக் கடைசியில் பில் மட்டும் முழுதாக வந்தது.

இது ஒரு வீட்டின் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. ராமச்சந்திராபுரம், முத்தங்கி, இஸ்னாபூர், பாஷமைலாரம் என்று இந்த வட்டாரத்தில் எங்கே நான்கு தமிழர்கள் கூடினாலும், பெட்டி மாற்றிய கதை ஒன்று யாரிடமாவது இருக்கிறது. கம்பெனிகள் வேறு வேறு. கதை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே கோளாறு ஒரு கம்பெனியிடமோ ஒரு பையனிடமோ இல்லை, நடைமுறையில் இருக்கிறது என்று எண்ண வேண்டியிருக்கிறது.

பெட்டி வந்தால் போதுமா?

ஒரு மின்விசிறி கெட்டால் வேறு விசிறி வாங்கி மாட்டுகிறோம், ஓடுகிறது. இன்டர்நெட் பெட்டி அப்படி ஓடாததற்குக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும்.

இப்போது பெரும்பாலான இணைப்புகள் கண்ணாடி இழை வழியாக வருகின்றன. தலைமயிர் போன்ற மெல்லிய இழையில் செய்தி ஒளியாக ஓடி வருகிறது. தெருவில் ஒரு பிரிப்பான் வைத்து, ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிட்டு விடுகிறார்கள். எனவே எந்தப் பெட்டி எந்த வீட்டுடையது என்பது கம்பெனியின் இயந்திரத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு வரிசை எண் போடப்படுகிறது. பெட்டியை மாற்றினால் எண்ணும் மாறிவிடுகிறது. புதிய எண்ணை ஆபீஸில் பதிவு செய்யாத வரை, ரேஷன் கார்டில் பெயர் ஏறாதவர் கடை வாசலில் நிற்பதுபோல அந்தப் பெட்டி வெளியே நிற்கும். 'பி.ஓ.என்.' என்று எழுதிய விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம்.

'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் விஷயம் வேறு. ஒளியே வீடு வந்து சேரவில்லை என்று அர்த்தம். இழை எங்கோ அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். அப்போது பத்துப் பெட்டி மாற்றினாலும் பயனில்லை. லைன்மேன்தான் வர வேண்டும்.

அடுத்தது, யூசர் நேம், பாஸ்வேர்ட். இவை கம்பெனி நம் கணக்குக்குக் கொடுத்தவை. பல கம்பெனிகளின் இணைப்பில் இவற்றைப் பெட்டிக்குள் எழுதினால்தான் வாசல் திறக்கும். சில இடங்களில் வி.லான் என்று ஓர் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். கேபிள்காரர்கள் சிலர் பெட்டியின் எம்.ஏ.சி. எண்ணையும் கணக்கோடு கட்டி வைத்திருப்பார்கள். அதையும் மாற்றிக் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக வருவது நாம் செல்போனில் போடும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். இது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கம்பெனியின் கையில் இருக்கிற மற்ற இரண்டும் நடக்காமல் பெட்டியை மட்டும் கொண்டுவந்து வைப்பது, பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை எடுத்துப் போவதற்குச் சமம்.

கறுப்பு டெலிபோன் காலம்

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1970-களிலும் 80-களிலும் ஒரு டெலிபோனுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். முன்பணம் கட்டுகிறவர்களுக்கு 'சொந்த டெலிபோன்' என்று ஒரு திட்டம் இருந்தது. பெயர்தான் சொந்தம், அந்தக் கறுப்புக் கருவி தபால் தந்தி இலாகாவின் சொத்து. லைன்மேனைத் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது. பிறகு காலம் மாறியது. கடையில் போன் வாங்கி, சுவரில் உள்ள இணைப்பில் நாமே மாட்டிக்கொள்ளும் நிலைமை வந்தது. அதனால் டெலிபோன் இலாகா ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இந்த வழக்கு நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவில் டெக்சஸைச் சேர்ந்த கார்ட்டர் என்பவர், ரேடியோவில் பேசுவதை டெலிபோன் கம்பிக்குச் சேர்க்கும் ஒரு கருவி செய்தார். தன் கருவியைத் தவிர வேறெதையும் கம்பியில் சேர்க்கக் கூடாது என்று அங்கிருந்த பெரிய டெலிபோன் கம்பெனி தடுத்தது. தகவல் தொடர்பு ஆணையம் 1968-ல் கார்ட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் போனும் மோடமும் செய்து விற்க வழி ஏற்பட்டதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியமான காரணம். அதே நாட்டில், வாடிக்கையாளர் தம் சொந்த ரூட்டரை உபயோகிக்கும்போது கம்பெனி ரூட்டர் வாடகை வசூலிக்கக் கூடாது என்ற சட்டம் 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த ரூட்டரை வைத்துக்கொள்ளலாம். அது மட்டுமல்ல, இணைப்புக்கு வேண்டிய யூசர் நேம், பாஸ்வேர்ட் முதலியவற்றை ஒப்பந்தம் செய்யும்போதே எழுத்தில், கேட்காமலே, இலவசமாகக் கம்பெனி கொடுத்துவிட வேண்டும். 'கேட்காமலே' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். கேட்கத் தெரியாதவனுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். பட்டான்செருவில் கெஞ்சிக் கேட்டாலும் கிடைக்காமல் திண்டாடுகிற விவரம் அங்கே சட்டப்படி எழுத்தில் கைக்கு வருகிறது.

கம்பெனிகள் சொல்லும் காரணம்

கம்பெனிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "பாஸ்வேர்டைக் கையில் கொடுத்தால் ஆளுக்கு ஆள் கொடுத்துவிடுவார்கள், ஒரு கணக்கில் நாலு வீடு ஓட்டுவார்கள், தெரியாமல் எதையாவது மாற்றிவிட்டு எங்களைக் குறை சொல்வார்கள்" என்கிறார்கள்.

முதல் பயத்துக்குப் பரிகாரம் அவர்களிடமே இருக்கிறது. பெட்டியின் வரிசை எண்ணையும் இழையையும் கணக்கோடு கட்டிவைத்த பிறகு, பாஸ்வேர்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு வீட்டில் ஓட்டிவிட முடியாது. இரண்டாவது பயம் உண்மைதான். தெரியாமல் மாற்றுகிறவர்கள் உண்டு. ஊசியால் குத்திய தம்பியின் கதையை மேலே சொன்னோம். ஆனால் அந்த விவரம் ஒரு காகிதத்தில் இருந்திருந்தால் பத்தே நிமிஷத்தில் மறுபடி எழுதியிருக்கலாம். ஒன்பது நாள் ஆகியிருக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஆதாரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த இணைப்பிலிருந்து யாராவது தப்பான காரியம் செய்தால் போலீஸ் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பொறுப்பு முழுவதும் நம் தலையில் என்றால், சாவியும் நம் கையில் இருப்பதுதானே முறை?

வாடகை வீட்டுக்காரனின் கஷ்டம்

உள்ளூர்க்காரனுக்கு இல்லாத இன்னொரு கஷ்டம் நமக்கு இருக்கிறது. பிழைப்புக்காக வந்தவர்களில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். "இன்டர்நெட் எல்லாம் இருக்கிறது, மாதாமாதம் பணம் கட்டினால் போதும்" என்று வீட்டுக்காரர் சொன்னால் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறோம். பணம் நாம் கட்டுகிறோம். கணக்கு அவர் பெயரில் ஓடுகிறது. ஒரு நாள் பெட்டி கெட்டால்தான், அந்த இணைப்பில் நமக்கு ஒரு பாத்தியதையும் இல்லை என்பது தெரிய வருகிறது.

ஆகவே முதல் யோசனை இதுதான்: இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் செல்போன் எண்ணில் இருக்கட்டும். ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் இருந்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். வீடு மாறினால் இணைப்பையும் கூடவே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும் என்றால், உங்கள் எண்ணையும் இரண்டாவது எண்ணாகக் கணக்கில் சேர்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஷை இன்னொரு தடை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தெலுங்குக்கு ஓர் எண், இந்திக்கு ஓர் எண், ஆங்கிலத்துக்கு ஓர் எண். பல வருஷம் இங்கே இருந்தவர்களுக்குக் கடைத்தெருத் தெலுங்கு தடையில்லாமல் வரும். ஆனால் 'லாகின்', 'ஆதன்டிகேஷன்' என்ற பேச்சு தாய்மொழியில் சொன்னாலே பலருக்குப் புரியாது. பெட்டியோடு வரும் சீட்டோ பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. நான்கு படம் போட்டு, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் ஒரு பக்கம் அச்சடிப்பது பெரிய செலவா? தொழிற்சாலைகளில் அபாய அறிவிப்புப் பலகைகளைப் பல மொழிகளில் வைக்கிறார்கள். அந்த அளவு யோசனை இங்கேயும் வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா?

"கம்பெனியோடு நாம் மல்லுக்கட்ட முடியுமா?" என்று சோர்ந்து போகிறவர்கள் அதிகம். வழி இருக்கிறது. டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ல் வகுத்த விதிகளின்படி, புகார் செய்தவுடன் கம்பெனி ஒரு புகார் எண் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு அந்த எண்ணை வாங்காமல் இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. தீர்வு திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். டெலிபோன் வழக்குகள் அங்கே வரக்கூடாது என்று ஒரு வாதம் நெடுநாள் இருந்தது. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொலைத்தொடர்பைச் சேவைகளின் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. நாட்கணக்கில் பழுது நீடித்தால், அந்த நாட்களின் கட்டணத்தைக் கழிக்கும்படி புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். கேட்காதவனுக்கு யாரும் கழித்துக் கொடுக்க மாட்டார்கள்.

இன்டர்நெட் ஆடம்பரம் என்று சொல்லும் காலமும் போய்விட்டது. கேரள ஹைகோர்ட் 2019 செப்டம்பரில், ஒரு கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கில், இன்டர்நெட்டைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வகுத்தபோது, வினாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவை 2 மெகாபிட் ஆக்கினார்கள். வேகத்துக்கு இலக்கணம் சொன்ன அரசாங்கம், பெட்டி மாற்றும் முறைக்கும் ஓர் இலக்கணம் சொல்லட்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். கணக்கின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் எழுத்தில் வேண்டும். பெட்டி மாற்ற வருகிறவர் வீட்டில் ஒரு போனில் இன்டர்நெட் ஓடுவதைக் காட்டி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே போக வேண்டும். எடுத்துச் செல்லும் பழைய பெட்டிக்கு ரசீது தர வேண்டும். இல்லாவிட்டால், இணைப்பை முடிக்கும்போது "பெட்டியைத் திருப்பித் தரவில்லை" என்று முன்பணத்தில் கை வைக்கிறார்கள்.

நம் பங்கும் இருக்கிறது

கம்பெனியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. பெட்டி நன்றாக ஓடுகிற நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். கணக்கு எண், யூசர் நேம், பாஸ்வேர்ட், வி.லான் எண் ஆகியவற்றைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். காரணம் தெரியாமல் பின்புறத் துளையில் ஊசியை வைக்க வேண்டாம். ஆபீஸ் சொல்லிப் பெட்டியை அணைத்துப் போடுவது வேறு. அந்தத் துளையை அழுத்துவது வேறு. துளையை அழுத்தினால் உள்ளே எழுதிய அத்தனையும் போய்விடும். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு அதை அழுத்தலாம்; அதுவும் புதியது ஓடத் தொடங்கிய பிறகு.

புதிய பெட்டிக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிட்டால், வீட்டில் உள்ள போன், டி.வி. எல்லாம் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக மாற்றும் தொல்லை இல்லை. கையில் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட்தான் வேண்டும். கண்ணாடி இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். இடி இடிக்கும்போது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்தால் கதையின் ஆரம்பமே இல்லாமல் போகலாம்.

இன்னொன்று. பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்ட் 'அட்மின்' என்றே கிடக்கிறது பல வீடுகளில். 2016-ல் 'மிராய்' என்ற திருட்டுப் புரோகிராம், இப்படித் தொழிற்சாலை பாஸ்வேர்டோடு கிடந்த காமிராக்களையும் ரூட்டர்களையும் உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு பெரிய இணையதளங்களை முடக்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலை பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்பதே சட்டவிரோதம். சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே மாற்றிவிடலாம்.

குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

அந்த நாளில் தபாலாபீஸ் திண்ணையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் பணம் அனுப்ப வரும் தொழிலாளிக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுப்பார். கீழே இரண்டு வரி கடிதமும் எழுதிக் கொடுப்பார். வெளியூரில் நம்மவர்களைச் சேர்த்துக் கட்டியது அப்படிப்பட்ட சின்ன உபகாரங்கள்தான். இன்று மணியார்டர் பாரம் போய், பெட்டியும் பாஸ்வேர்டும் வந்திருக்கின்றன. எழுதத் தெரியாத கஷ்டம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் தமிழ் நண்பர்கள் பட்டான்செரு வட்டாரத்தில் எத்தனையோ பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ சங்க ஆபீஸிலோ ஒரு மேஜை போட்டு உட்காரலாம். வருகிறவர்களின் இணைப்பு விவரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். புகார் எண் வாங்கித் தரலாம். மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். நூறு பேரின் புகார் எண்கள் ஒரே காகிதத்தில் சேர்ந்தால் அதைக் கம்பெனியும் அலட்சியம் செய்ய முடியாது. ஆணையமும் அலட்சியம் செய்ய முடியாது.

அந்தத் தொழிலாளியின் மகள் அடுத்த தடவை தேர்வு எழுதத்தான் போகிறாள். அதற்கு முன்னால் இன்னொரு மழைக்காலம் வரும், இடியும் இடிக்கும். அன்றைக்கு அந்த வீட்டுப் பத்திரங்களோடு ஒரு காகிதம் இருக்க வேண்டும். கம்பெனி கொடுக்காவிட்டால், அதை நாம் எழுதி வைப்போம்.